தோட்டா ஏன் அறைக்குள் புகவில்லை?

அனகாபுத்தூர் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதைத் தாம்பரம் வட்டாரத்தார் யாவரும் அறிவர். ஒரு காலத்தில் நைஜீரியா நாட்டுக்கு ஏற்றுமதியான சென்னைக் கட்டத் துணி இவ்வூர்த் தறிகளிலும் நெய்யப்பட்டது. தறியின்முன் அமர்ந்தவருக்கு ஒரு செய்தி ஏட்டுப் படிப்பின்றியே விளங்கும். பண்ணையின் பல்லிடைக்குச் சற்றே பருத்த நூல் வந்தால் பாவு உராய்ந்து அறும். மிக மெலிந்த நூல் வந்தால் துணி சல்லடையாகும். இவ்வூரினின்று பம்மல், பல்லாவரம் வழியாகச் சில கல் தொலைவு சென்றால் பரங்கிமலைப் படைவீடு தோன்றும். கும்பினியார் காலத்தில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக விளங்கியது அது. 1963 முதல் இந்தியப் படை அதிகாரிகளைப் பயிற்றும் நிலையமும் அங்கே இருந்து வருகிறது. தறிக்கும் துப்பாக்கிக்கும் யாது உறவு என்று வாசகர் வினவலாம். அளவு ஒத்தல் என்னும் ஒன்றே உறவு. நூலுக்குப் பண்ணை எப்படியோ, தோட்டாவுக்கு ரைபிளின் அறை அப்படி. இவ்விரண்டும் ஒவ்வாதபோது நிகழ்வது யாது, அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது எவ்வாறு என்பதையே ஈண்டு நாம் விளக்கப் புகுகின்றோம்.

துப்பாக்கி சுடுவோருட் சிலர், சுட்டொழிந்த பித்தளைக் கூட்டை எறிந்துவிடாது, அதனைத் துப்புரவு செய்து, மீண்டும் வடிவுபடுத்தி, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மறுபடியும் பயன்படுத்துவர். இதுவே கையாற் கெட்டித்த தோட்டா எனப்படுவது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிற் குறிபார்த்துச் சுடும் பந்தயக்காரரும் வேட்டைக்காரரும் சிக்கனம் கருதியும், தத்தம் ரைபிளுக்கே உரிய நுட்பமான பொருத்தம் கருதியும் இத்தொழிலை வீட்டிலேயே செய்வதுண்டு. நம் நாட்டிலோ துப்பாக்கியும் தோட்டாவும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை. வெடிமருந்து 1884ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டத்துக்கும் உட்பட்டது. உரிமமின்றி இவற்றை வைத்திருத்தலும் செய்தலும் குற்றமாகும். ஆதலின் எவரையும் இத்தொழிலில் இறக்கிவிடுதல் நம் கருத்தன்று. மருந்தின் வகையும் நிறையும் பற்றி ஒன்றும் கூறோம். பொறியியல் பயில்வோரும், தேசிய மாணவர் படையில் ரைபிளைத் தொட்டுப் பழகியோரும், அயல்நாடுகளிற் குடியேறி அந்நாட்டுச் சட்டப்படி இவ்விளையாட்டில் ஈடுபட்ட நம்மவரும் இதனைப் படித்துப் பயன்கொள்ளலாம். மாணவர் படையில் வழங்கும் .22 தோட்டாவைப் பற்றி இக்கட்டுரைக்குக் கவலையில்லை. அதன் தீப்பற்றும் பொருள் கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைபட்டிருத்தலின், ஒருமுறை சுட்டபின் அதனை மீண்டும் கெட்டிக்க வழியில்லை.

ரைபிள் தோட்டாவின் உறுப்புக்கள் நான்கு: கூடு, கேப்பு, மருந்து, குண்டு. கூடு ஒரு சிறு குப்பியை ஒத்தது. அடியில் விளிம்பு, அதன்மேல் நெடிய உடல், உடலின்மேல் சரிந்த தோள், தோளின்மேல் குறுகிய கழுத்து. கழுத்தின் வாயிற் குண்டு செருகப்பட்டிருக்கும். அடியின் நடுக்குழியிற் கேப்பு பதிந்திருக்கும். குழலின் பின்முனையில் இக்குப்பியின் வடிவாகவே உட்குடைந்த இடத்தையே அறை என்கின்றோம். அறைக்கு முன்னே, குண்டைச் சுழற்றும் சுரிப்பள்ளங்கள் தொடங்கும். தோட்டா அறையுட் சென்றதும், பின்னிருந்து ஓர் எஃகுத் தாழ் வந்து வாயை அடைத்துப் பூட்டும். போல்ட்டு என்று பலரும் வழங்குவது இதனையே.

கூட்டைப் பித்தளையாற் செய்வது அழகுக்காக அன்று. மருந்து எரியுங்கால் அறைக்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தம் எழுகின்றது. அவ்வழுத்தத்தாற் கூடு உப்பி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, புகை பின்னோக்கி வாராதபடி தடுக்கும். அழுத்தம் தணிந்த அக்கணமே பித்தளை தன் இயல்பான மீள்திறத்தாற் சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகும். அதனாலேயே வெறுங்கூட்டை எளிதில் வெளியே இழுக்க முடிகின்றது. ஆனால் முன்னிருந்த அளவுக்கு அது சுருங்குவதில்லை. ஒருமுறை சுட்ட கூடு, தன்னைச் சுட்ட அறையின் அச்சாகவே வெளிவருகின்றது. இவ்வொரு செய்தியை மனத்திற் பதித்துக்கொண்டவர்க்கு இனி வருவன யாவும் எளிதில் விளங்கும்.

தோட்டா எளிதிற் புகாமையால் நேர்ந்த தொல்லை நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு பெருநிகழ்ச்சியோடு பிணைந்திருக்கின்றது. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிள் வாய்வழியே கெட்டிக்கப்படுவது. அதன் குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம், அதற்குரிய குண்டின் விட்டம் 0.568 அங்குலம். எஞ்சிய இடைவெளி 0.009 அங்குலமே. காகித உறை சுற்றிய குண்டு அவ்விடைவெளியில் இறங்கவேண்டும். கரிமருந்து எரிந்தால் குழலிற் கசடு படியும். நாலைந்து முறை சுட்டபின் வழி இன்னும் நெருங்கும். அந்நெருக்கத்தைக் கடந்து குண்டு இறங்கும்பொருட்டே உறையின்மேற் கொழுப்புப் பூசினர். அக்கொழுப்பு பசுவினதோ பன்றியினதோ என்னும் ஐயம் 1857 ஜனவரியிற் கல்கத்தாவை அடுத்த டம்டம் பயிற்சி நிலையத்திற் கிளம்பிப் பரவியதையும், அதன்பின் நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சியையும் பள்ளிச் சிறுவரும் அறிவர். கிளர்ச்சிக்கு வேர்கள் பல; கொழுப்பு ஒரு பொறியே. எனினும் கொழுப்பு ஏன் வேண்டியிருந்தது என்னும் வினாவை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. குண்டுக்கும் குழலுக்கும் இடையே இருந்த இடம் போதாது என்பதே விடை. பின்னர்க் குண்டின் விட்டத்தை 0.55 அங்குலமாகக் குறைத்து, அதன் அடிக்குழியில் ஒரு கட்டையைச் செருகி, வெடிக்கும்போது குண்டு விரிந்து பள்ளங்களிற் பதியுமாறு செய்தனர். இக்குறைப்பு சில ஆண்டு முன்னரே செய்யப்பட்டிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்பதை வரலாற்று வகுப்பினரின் வாதத்துக்கே விட்டுவிடுகின்றோம்.

வாய்வழிக் கெட்டிப்பு ஒழிந்து பின்வழிக் கெட்டிப்பு வந்தபோதும் தொல்லை ஒழியவில்லை, இடம் மாறிற்று. உல்விச் படைக்கலச் சாலையின் அதிகாரியான பாக்ஸர் என்பவர், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, இரும்பு அடித்தட்டோடு பொருத்தித் தோட்டாக் கூடு செய்தார். மார்ட்டினி ஹென்றி ரைபிளில் வழங்கிய இக்கூடு, 1885ஆம் ஆண்டு சூடான் பாலைநிலப் போரில் ஆங்கிலேயரைக் கைவிட்டது. மணலும் வெம்மையும் சேர, சுட்ட கூடு அறையில் இறுகிக்கொள்ள, கொளுவி இழுக்கும் உறுப்பு அடித்தட்டை மட்டும் பிய்த்து வந்தது. பழைய கூடு வெளிவராத அறைக்குள் புதிய தோட்டா எவ்வாறு புகும்? அதன்பின் ஒரே பித்தளைத் துண்டை அழுத்தி நீட்டிச் செய்யும் கூடே நிலைபெற்றது.

இதனினும் நம் பொருளுக்கு நெருங்கிய சான்று கனடா நாட்டு ராஸ் ரைபிள். பந்தயக் களத்தில் அது புகழ் பெற்றது. அதன் அறை மிக இறுக்கமாகவும் செம்மையாகவும் கடையப்பட்டிருந்தமை அதற்கு ஒரு காரணம். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரு நகர்ப்புறத்திற் கனடியப் படை போரிட்டபோது, பிரிட்டனில் அவசரமாகச் செய்யப்பட்டு வந்த தோட்டாக்கள் அளவில் ஒன்றுபோல் இல்லை. லீ என்ஃபீல்டு ரைபிளின் தளர்ந்த அறை அவற்றை முகங்கோணாது ஏற்றுக்கொண்டது. ராஸ் ரைபிளோ, சூடேறியதும் தாழ் இறுகி, வீரர் பூட்ஸுக் காலால் உதைத்துத் திறக்கவேண்டிய நிலைக்கு வந்தது. தாழின் பூட்டுப்பல் தடுப்பாணியில் மோதி நசுங்கியதும் அத்தொல்லையைப் பெருக்கிற்று. அறைகளைச் சற்று அகலமாகக் கடைந்து பார்த்தனர். வீரரின் நம்பிக்கை மீளவில்லை. 1916இல் அது களத்தினின்று பெரும்பாலும் விலக்கப்பட்டது. பந்தயத்துக்கு நன்மையான இறுக்கம் போருக்குத் தீமையாயிற்று. ரைபிளும் தோட்டாவும் தனித்தனியே நல்லவையாயிருத்தல் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டாருக்கு மிகவும் பழகியது .303 லீ என்ஃபீல்டு. கல்கத்தாவை அடுத்த ஈசாப்பூர்ச் சாலையில் அது செய்யப்பட்டது. அதற்குரிய கார்டைட்டு என்னும் புகையற்ற மருந்துக்காகவே நம் நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கார்டைட்டு தூளன்று, நூல்நூலாக இருப்பது. ஒரு பிடி நூலைக் குறுகிய கழுத்தின் வழியே செருகுதல் அரிது. ஆதலால் தொழிற்சாலையிற் கூட்டை நேர்க்குழாயாகவே வைத்து மருந்தை இட்டபின்னரே கழுத்தை நெரித்தனர் என்பது பலர் அறியாத ஒரு சுவையான செய்தி. ஊர்க்காவல் நிலையங்களில் நெடுங்காலம் நின்ற இந்த ரைபிளுக்கு உத்தரப்பிரதேசக் காவல்துறை விடைகொடுத்தது 2020ஆம் ஆண்டில்தான்.

கையாற் கெட்டிப்போர்க்கு .303 ஒரு நல்லாசிரியன். சில வேளைகளிற் கடுமையான ஆசிரியன். அதன் தோட்டா அடிவிளிம்பால் நிறுத்தப்படுவது. விளிம்பின் தடிப்பு 0.064 அங்குலத்துக்கு மேற்படலாகாது. ரைபிளைச் சோதிப்போர் 0.064 அங்குல வட்டை வைத்துத் தாழை அடைப்பர்; அது அடையவேண்டும். 0.074 அங்குல வட்டை வைப்பர், அது அடையக்கூடாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பத்தாயிரத்தின் நூறு பங்கே பின்புறத்தில் அனுமதிக்கப்பட்ட தளர்ச்சி. ஆனால் முன்புறத்தில், தோளுக்கு எதிரே, அறை தாராளமாகக் கடையப்பட்டிருக்கும். சேறும் தூசியும் படிந்த தோட்டாவும் போர்க்களத்திற் புகவேண்டும் என்பதே கருத்து. ஆதலின் சுட்ட .303 கூட்டைப் புதிய கூட்டோடு ஒப்பிட்டால், தோள் முன்னேறி வேறொரு தோட்டாவோ என ஐயுறும்படி இருக்கும்.

இங்கேதான் கெட்டிப்பவன் ஓர் இருதலைக் கொள்ளியிற் சிக்குகின்றான். கூட்டை மறுபடியும் முழுமையாக அச்சிலிட்டுத் தோளைப் பழைய இடத்துக்குத் தள்ளினால் அது எந்த .303 ரைபிளிலும் புகும். ஆனால் அடுத்த முறை சுடும்போது தோள் மீண்டும் முன்னேறும். அம்முன்னேற்றத்துக்கு வேண்டிய பித்தளை, அடிப்புறத்துச் சற்று மேலேயுள்ள சுவரிலிருந்தே இழுபடும். சில முறைகளில் அவ்விடம் மெலிந்து வளையமாக அறும். மாறாகக் கழுத்தை மட்டும் நெரித்து உடலை அப்படியே விட்டால் கூடு நெடுநாள் உழைக்கும். ஆயின் அது தன்னைச் சுட்ட ரைபிளுக்கே உரியதாகிவிடும். இன்னொரு .303 ரைபிளில் இட்டால் தாழ் பாதியில் நிற்கும். ஒரே பெயர், ஒரே அளவு, ஒரே சாலையின் முத்திரை. ஆயினும் இரண்டு அறைகள் இரண்டே. பலமுறை கழுத்து மட்டும் நெரித்தபின் சொந்த அறைக்கே கூடு இறுகத் தொடங்குவதும் உண்டு. அப்போது ஒருமுறை முழு அச்சு வேண்டும். நம் கருத்தில், முழு அச்சையே பயன்படுத்தி, ஆனால் அதனை அந்த ரைபிளுக்குப் பொருந்த அளந்து தாழ்த்துவதே நேரிய வழி. தோள் சுட்ட நிலையினின்று 0.001 அல்லது 0.002 அங்குலம் பின்வாங்கினாற் போதும். நம் கையிலுள்ள இவ்விதழின் ஒரு தாளின் தடிப்பினும் அது குறைவே.

இனித் தாழ் அடையாமைக்குரிய காரணங்களை நோக்குவோம். மிகுதியும் காணப்படுவது மேலே கூறிய தோளே. அச்சு போதிய அளவு கீழே இறக்கப்படாதிருக்கலாம். கூட்டிற் பூசும் எண்ணெய் குறைந்திருக்கலாம். பலமுறை சுட்டதாற் பித்தளை வன்மையேறி, அச்சினின்று வெளிவந்ததும் மீண்டும் நிமிர்ந்திருக்கலாம். வேறொருவர் ரைபிளிற் சுட்ட கூடுகளை மலிவாக வாங்கிக் கெட்டித்தவர்க்கு உடலின் அடிப்பகுதியும் தொல்லை தரும். பெரிய அறையில் உப்பிய அடிப்பகுதியை வழக்கமான அச்சு முழுதும் சுருக்குவதில்லை.

அடுத்தது கூட்டின் நீளம். சுடுந்தோறும், அச்சிலிடுந்தோறும் பித்தளை கழுத்துப் பக்கமாக நகர்ந்து கூடு நீளும். .303 கூட்டின் மேலெல்லை 2.222 அங்குலம்; .308 கூட்டுக்கு 2.015; .30-06 கூட்டுக்கு 2.494. இவ்வெல்லை கடந்தால் கழுத்தின் வாய் அறையின் முன்படியில் முட்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. இக்கட்டுரையில் வேறெதனையும் வாசகர் மறப்பினும் இதனை மறவாதிருப்பாராக. சிறிது நீண்ட கூடு சில வேளைகளிற் புகாமல் நிற்பதில்லை; தாழைச் சற்று அழுத்தினாற் புகுந்துவிடும். அப்போது கழுத்தின் வாய் உட்புறம் மடிந்து குண்டை இறுகக் கவ்விக்கொள்ளும். சுடும்போது கழுத்து விரிய இடமின்மையாற் குண்டு விடுபடத் தாமதிக்கும். அறையின் அழுத்தம் எதிர்பார்த்த அளவைக் கடந்து ஏறும். எனவே அடையாத தாழைக் காட்டிலும் வலிந்து அடைத்த தாழே கொடியது. தாழின் கைப்பிடி நெம்புகோல் போன்றது. உள்ளங்கையால் ஓங்கி அடித்தால் எவ்வளவு ஒவ்வாத தோட்டாவையும் ஓரளவு உள்ளே திணித்துவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. அவ்வாற்றலைப் பயன்படுத்தாதிருப்பதே திறமை.

மூன்றாவது, குண்டு அளவுக்கு மீறி வெளியே நிற்றல். முனை பருத்த குண்டு சுரிப்பள்ளங்களின் மேட்டில் முட்டும். சற்றே முட்டும் குண்டும் அழுத்தத்தை உயர்த்தும். இதில் இன்னொரு விபரீதம் உண்டு. முட்டிய தோட்டாவைச் சுடாது வெளியே இழுத்தால், குண்டு மேட்டிற் சிக்கிக் குழலிலேயே நின்றுவிட, கூடு மட்டும் வெளிவந்து மருந்து முழுதும் பொறிக்குள் சிந்தும். அதனைக் கவனியாது மற்றொரு தோட்டாவைத் திணிப்பவனுடைய நிலை என்னாகும் என்று விரிக்கவேண்டியதில்லை.

நான்காவது காரணத்தைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம். குண்டைச் செருகும் அச்சு, கூட்டின் வாயையும் உட்புறம் மடித்து இறுக்குமாறு அமைந்திருக்கும். கூடுகளெல்லாம் ஒரே நீளமாயின் குற்றமில்லை. ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் இருந்தால், நீண்ட கூட்டின் வாய் மிகையாக மடிந்து, போக்கிடமின்றித் தோள் வெளிப்புறம் பிதுங்கும். அப்பிதுக்கம் கண்ணுக்கு எளிதிற் புலனாகாது. விரலால் தடவினால் ஓரளவு தெரியும். கெட்டிக்குமுன் அறையுள் எளிதிற் புகுந்த கூடு, கெட்டித்தபின் புகாது நின்றால் பெரும்பாலும் இதனையே ஐயுறலாம்.

எஞ்சியவை சிறு காரணங்கள். கேப்பு குழியில் முழுதும் அமராது அடிக்கு மேலே நிற்றல். விளிம்பில் நசுங்கலோ பிசிறோ இருத்தல். துடையாது விட்ட எண்ணெயில் தூசி ஒட்டியிருத்தல். அறையின் கழுத்திடத்திற் கரி படிந்து கட்டியாதல். கேப்பைப் பற்றிக் கூறும்போது ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகின்றது. ஆங்கிலேயரான பாக்ஸர் அமைத்த கேப்பு முறையை அமெரிக்கர் கைக்கொண்டனர். அமெரிக்கரான பெர்டன் அமைத்த முறையை ஆங்கிலேயரும் ஐரோப்பியரும் கைக்கொண்டனர். பாக்ஸர் முறையில் தீ செல்லும் துளை ஒன்றே, நடுவில் உள்ளது. ஓர் ஊசியால் பழைய கேப்பை உந்தித் தள்ளிவிடலாம். பெர்டன் முறையில் இரண்டு சிறு துளைகள், நடுவே ஒரு முளை, ஊசி செல்லாது. பழைய படைத்துறை .303 கூடுகள் பெர்டன் முறையின ஆதலாற் கையாற் கெட்டிப்போர் அவற்றை விரும்புவதில்லை.

தவறான தோட்டாவையே இட்டுவிடுதலும் ஒரு காரணம். ஆங்கில அரசு 1907இல் இந்தியாவுக்குள் .450 அளவுத் தோட்டாக்களைத் தடைசெய்ததும், துப்பாக்கி செய்வோர் .465, .470 என அதனையொட்டிய அளவுகளைப் படைத்தனர். படைத்துறை அளவான .303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டமையால் .315 வேட்டை ரைபிள் நம் நாட்டிற் பெருகிற்று. பெயர்கள் இவ்வாறு நெருங்கி நிற்கும் நாட்டில், கூட்டின் அடியிற் பொறித்த எழுத்தை முதலிற் படித்துப் பார்ப்பது வீண்வேலையன்று. பழங்காலத்துச் சிறுகுண்டுத் துப்பாக்கிக்குரிய காகிதத் தோட்டா மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பருத்து அறைக்குள் புகமறுப்பதும் வழக்கம். பலமுறை கெட்டிக்கத்தக்க பித்தளைக் கூடுகள் நம் நாட்டு வேட்டைக்காரரிடையே விரும்பப்பட்டமைக்கு அவ்வீரமும் ஒரு காரணம்.

காரணம் இத்தனை இருப்பினும் தேடும் முறை ஒன்றே. வேலையை அடுக்கடுக்காகப் பிரித்து, எந்த அடுக்கிற் குற்றம் நுழைந்தது என்று காணவேண்டும். தொழிற்சாலைத் தோட்டா அந்த அறையில் எளிதிற் புகுகின்றதா என்று முதலில் நோக்குக. அதுவும் புகாவிடிற் குற்றம் அறையினது, துடைத்துப் பார்க்கவேண்டும். புகுமாயின், அச்சிலிட்ட வெறுங்கூட்டை, கேப்பும் மருந்துமின்றி, அறையில் இட்டுத் தாழை ஒரு விரலால் அடைத்துப் பார்க்கவேண்டும். வெறுங்கூடே தடைப்பட்டால் தோள், உடல், நீளம் ஆகிய மூன்றனுள் ஒன்றே காரணம். வெறுங்கூடு புகுந்து, மருந்தும் கேப்புமின்றிக் குண்டு மட்டும் செருகிய போலித் தோட்டா தடைப்பட்டால் குண்டோ, கழுத்தோ, பிதுங்கிய தோளோ காரணம். உயிருள்ள தோட்டாவை இச்சோதனைக்கு வீட்டில் ஒருபோதும் பயன்படுத்தலாகாது. சுடுகளத்தில் குழலைக் குறிமேட்டை நோக்கித் திருப்பியே அதனைத் தொடவேண்டும்.

எந்த இடம் முட்டுகின்றது என்பதை அறியக் கூட்டையே சாட்சி சொல்லவைக்கலாம். விளக்குச் சுடரின்மேற் காட்டி வெறுங்கூட்டின் மேற்புறத்தில் மெல்லிய கரி படியச் செய்து, அறையில் இட்டு, மெதுவாக எடுத்துப் பார்த்தால், முட்டிய இடத்திற் கரி தேய்ந்து பித்தளை பளிச்சிடும். தோளைச் சுற்றி வளையமாகப் பளிச்சிட்டால் ஒரு செய்தி. வாயின் விளிம்பில் மட்டும் பளிச்சிட்டால் வேறொரு செய்தி. அடிப்புறத்தில் ஒருபக்கமாகத் தேய்ந்தால் இன்னொன்று. போலித் தோட்டாவின் குண்டிற் சிறு சதுரத் தழும்புகள் ஒழுங்காகத் தோன்றினால் அவை சுரிப்பள்ள மேட்டின் கைந்நாட்டு. அதன்பின்னரே அளவுக்கோலை எடுத்து அளக்கவேண்டும். அளவுக்கோலை முதலில் எடுப்பவர், எங்கே அளப்பது என்றறியாது எல்லாவிடத்தும் அளந்து இளைப்பதை நாம் அறிவோம்.

காரணம் தெரிந்தபின் திருத்தம் எளிது. தோளாயின் அச்சைச் சிறிது இறக்குக. நீளமாயின் வெட்டிச் சமன்செய்து வாயின் பிசிறை நீக்குக. குண்டாயின் ஆழச் செருகுக, ஆனால் ஆழமாகச் செருகுதலும் உள்ளிடத்தைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்துமாதலால் அச்சிட்ட அளவுப் பட்டியலைக் கடவாது செய்க. முன்னரே கெட்டித்து வைத்த நூறு தோட்டாக்கள் புகாவிடில் யாது செய்வது? உயிருள்ள தோட்டாவை மீண்டும் அச்சிலிட்டு நெரிக்கலாமோ என்று சிலர் எண்ணுவர். கூடாது. குண்டு பிடுங்கும் கருவியால் ஒவ்வொன்றையும் பிரித்து, மருந்தைத் தனியே எடுத்துவைத்து, கூட்டைத் திருத்தி முதலிலிருந்தே தொடங்கவேண்டும். ஒரு மாலைப்பொழுது வீணாகும், ஆகட்டும். அறையில் இறுகி முன்னும் பின்னும் அசையாத தோட்டாவை வாய்வழியே கோலிட்டு இடித்துத் தள்ளுதலும் கூடாது. ரைபிளை அப்படியே ஆயுதச் சாலைத் தொழிலாளியிடம் ஒப்புவித்தலே முறை.

இறுதியாக ஒரு காரணம், அரிதே எனினும் .303 ரைபிளைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்கவேண்டியது. நல்ல தோட்டா, நல்ல அறை. நேற்றுவரை எளிதிற் புகுந்தது. இன்று பாதியிலேயே நிற்கின்றது. முன்னர்ச் சுட்ட கூட்டை எடுத்துப் பார்த்தால் அது குட்டையாக இருக்கும். மேலே கூறியபடி சுவர் மெலிந்து அறுந்து, கூட்டின் அடிப்பாதி மட்டும் வெளிவர, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. புதிய தோட்டா அதனுள் நுழைந்து நிற்கின்றது. படைத்துறையார் இதற்கென ஒரு சிறு கருவி வைத்திருந்தனர். தோட்டாவைப் போன்ற அதனை அறையிலிட்டுத் தாழை அடைத்துத் திறந்தால், அறுந்த துண்டைக் கவ்விக்கொண்டு வெளிவரும். துண்டு வெளிவந்தபின், அதே முறை கெட்டித்த மற்றக் கூடுகளை எடுத்து, முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடிப்புறச் சுவரைத் தடவிப் பார்க்கவேண்டும். கம்பியின் முனை ஒரு பள்ளத்தில் இடறினால் அக்கூடும் அறுதற்கு அணித்தாயிருக்கின்றது. அதனை நசுக்கிப் பழம்பித்தளையோடு சேர்த்துவிடலாம்.